வேட்டியில் கழிவு உண்டா, இல்லையா?

தறிவீட்டுப்பிள்ளை (அம்மாபேட்டை):
"தையலே இல்லாத உடை, கை தனி உடல் தனி, கிழிந்ததை மட்டும் மாற்றலாம், துணிக்கழிவே வராது, உலகத்துக்கே புதுசு" என்று நேற்று ஒரு தம்பி இங்கே அளந்திருந்தார். சேலத்தில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிக்க வேண்டிய தலையெழுத்து! எங்கப்பா நெய்கிற வெண்பட்டு வேட்டியில் தையல் எங்கே இருக்கிறது? எந்தக் கத்தரி அதைத் தொட்டது? துண்டு கிழிந்தால் துண்டை மாற்று, வேட்டி கிழிந்தால் வேட்டியை மாற்று. கழிவு பூஜ்யம்.

கட்டிங்மாஸ்டர்:
பூஜ்யமா? பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் பூட்டிய நூல், தீரும்போது அச்சு என்கிற சீப்புச் சட்டத்துக்குப் பின்னால் நெய்ய முடியாமல் நிற்கிற நூலை என்ன செய்வீங்க?

தறிவீட்டுப்பிள்ளை:
தறி பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டீங்க. பழைய பாவின் நுனியில் புதுப் பாவை இழைக்கு இழை பிணைப்போம். எங்கம்மா விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிக்கொண்டே போவாள். ஆயிரக்கணக்கான இழை. வீணாவது மிஞ்சினால் ஒரு சாண்.

கட்டிங்மாஸ்டர்:
ஒரு சாண். அப்போ பூஜ்யம் இல்லை. நன்றி.

தறிவீட்டுப்பிள்ளை:
சாணைப் பிடித்துத் தொங்குகிறவர் உங்க மேஜையைப் பாருங்க. கழுத்து வளைவு, கைக்குழி என்று வெட்டித் தள்ளுவதில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்கு போகவில்லையா?

கட்டிங்மாஸ்டர்:
போகிறது. அதனால்தான் தையலில்லாத பின்னல் வேண்டும் என்கிறோம். ஜப்பானின் ஷிமா செய்கி 1995லேயே மிலன் கண்காட்சியில் அந்த மெஷினைக் காட்டிவிட்டது. உடல் ஒரு குழாய், கை இரண்டு குழாய், அக்குளில் மூன்றும் சேர்ந்து முழு ஸ்வெட்டராக இறங்கும். வெட்டே கிடையாது. சரி, அந்த ஒரு சாண்?

ஏற்காட்டுக்குளிர்:
என்னிடம் அப்படி ஒரு ஸ்வெட்டர் இருக்கிறது. முழங்கையில் ஓட்டை. கையை மட்டும் கழற்றலாம் என்று பார்த்தால் எல்லாம் ஒரே பின்னல். தையல் இல்லாததும் கழற்றி மாட்டுவதும் ஒன்றா? இரண்டையும் குழப்புகிறோமோ?

தறிவீட்டுப்பிள்ளை:
குளிருக்கு ஒரு கம்பளி போர்த்துங்க, அதிலும் தையல் இல்லை. ஜப்பான்காரன் 1995ல் கண்டுபிடித்ததை எங்க பாட்டன் குழித்தறியில் செய்தான்.

இளம்பிள்ளைக்காரி:
பாட்டன் பெருமை போதும்ங்க. வெண்பட்டு கட்டிக்கொண்டு யார் ரேஷனுக்கு நிற்கிறார்கள்? ஊர் கட்டுவது எங்க இளம்பிள்ளை விசைத்தறிச் சேலையை.

தறிவீட்டுப்பிள்ளை:
வந்துட்டாங்க பவர்லூம்! சேலையில் புட்டா என்று போடுகிற பூ வேலைக்குப் பின்னால் தொங்கும் நூலைச் செரைத்து மூட்டை கட்டுகிறவர்கள் கழிவைப் பற்றிப் பேசலாமா?

இளம்பிள்ளைக்காரி:
அந்த மூட்டையும் விலைக்குத்தான் போகிறது. சாயத்தண்ணீர் பேச்சு வந்தபோதும் நீங்க இப்படித்தான் எங்க ஊரை இழுத்தீங்க. மறக்கவில்லை.

தறிவீட்டுப்பிள்ளை:
நானும் மறக்கவில்லை. அன்றைக்கு நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. வேட்டிக்கு வருவோம். கரையோடு பிறந்த துணி, ஓரம் மடித்துத் தைக்கவும் வேண்டாம். பழசானால் தூளி, அப்புறம் தலை துவட்ட, அப்புறம் விளக்குத்திரி. கழற்றி மாட்டும் சட்டை இத்தனை பிறவி எடுக்குமா?

ஏற்காட்டுக்குளிர்:
பட்டு வேட்டியில் தலை துவட்டுவீங்களா? நான் கேட்டதற்கு யாராவது…

தறிவீட்டுப்பிள்ளை:
பருத்தி வேட்டியைச் சொன்னேன். ஆளாளுக்கு வார்த்தையைப் பிடிக்காதீங்க.

கட்டிங்மாஸ்டர்:
பருத்திப் பாவிலும் ஒரு சாண் உண்டுதானே?

தறிவீட்டுப்பிள்ளை:
முக்கால் சாண்.