பழைய காரின் பின் விளக்கு மங்கலா? எங்கள் வண்டிகளில் கண்டது

ஸ்டாண்டர்டு ஹெரால்டு, தாம்பரம்

பழைய கார் வைத்திருப்பவர்கள் இருட்டிய பிறகு ஒரு தடவை வண்டிக்குப் பின்னால் போய் நின்று பாருங்கள். சைடு லைட்டைப் போட்டுவிட்டு, வீட்டில் யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் இரவு பதினோரு மணிக்குப் பின்னால் வரும் லாரிக்காரருக்கு முன்னே ஒரு கார் போகிறது என்று தெரிவதே அந்த ரெண்டு சிவப்பு விளக்கால்தான். 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே சொல்கிறது. எங்கள் ஹெரால்டின் விளக்கு தெருமுனை வரைகூடத் தெரியவில்லை. இத்தனைக்கும் அது புதுப் பெயிண்ட் அடித்து, டின்கரிங் எல்லாம் முடிந்து வந்த வண்டி.

மங்கல் என்றதும் எல்லாரும் முதலில் பல்பைத்தான் மாற்றுவார்கள். நானும் அதில்தான் தொடங்கினேன். அது மலிவு, தவறும் இல்லை. புது 21/5 வாட் பல்பு (பிரேக்குக்கு 21, டெயிலுக்கு 5) போட்டும் அதே மங்கல். ஆனால் ஒன்று கவனித்தேன்: பிரேக்கை மிதித்தால் பின் விளக்கு பளிச்சென்று கூட வேண்டும், எங்கள் வண்டியில் பிரேக் லைட்டே சோகையாக எரிந்தது. இண்டிகேட்டர் போட்டால் அதன் துடிப்புக்கு ஏற்ப டெயில் லைட்டும் கூடிக் குறைந்தது. ஒரு விளக்கைப் போட்டால் இன்னொரு விளக்கு அசைகிறது என்றால், அவற்றின் மின்சாரம் வண்டியின் தகடு வழியாக பேட்டரிக்குத் திரும்பும் வழி, அதாவது எர்த், எங்கோ குறுகிப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

மல்டிமீட்டர் இருந்தால் இது நிமிட வேலை. எஞ்சின் ஓடாதபோது பேட்டரியில் 12.4 வோல்ட். விளக்கை எரியவிட்டு, ஹோல்டருக்கு வரும் சிவப்பு வயரில் பார்த்தால் 12 வோல்ட், வரவேண்டியது வருகிறது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் இன்னொன்றை பல்பின் பித்தளைக் கூட்டிலும் வைத்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 0.2-க்கு மேல் போனாலே சந்தேகப்படலாம். எங்களுக்கு 1.1 காட்டியது. பிரேக்கை மிதித்ததும் 3-ஐத் தொட்டது. அப்படியானால் பல்புக்குக் கிடைப்பது 9 வோல்ட்டுக்கும் குறைவு. ஃபிலமென்ட் பல்பில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். 9 வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான் மிச்சம். கண்ணுக்கு 'கொஞ்சம் மங்கல்' என்று படுவது உண்மையில் அவ்வளவு பெரிய இழப்பு.

மீட்டர் இல்லாதவர்கள் நீளமான ஒரு வயரை பேட்டரியின் எர்த் முனையில் கட்டி, மறுமுனையைச் சுரண்டி, எரிகிற பல்பின் கூட்டில் தொட்டுப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் கோளாறு எர்த்தில்தான். தொடும்போது பல்புக்கு மின்சாரம் வரும் முனையில் பட்டுவிடக் கூடாது, அது மட்டும் கவனம்.

ஹெரால்டு அமைப்பே இதற்கு இடம் கொடுக்கிறது. சேஸி தனி, பாடி தனித்தனித் துண்டுகளாக போல்ட் போட்டுப் பூட்டியது. முன் பாகமும் பின் பாகமும் சேரும் இடத்தில் தண்ணீர் புகாமல் இருக்க நடுவே சீல் வேறு. பின் விளக்கின் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப வேண்டுமானால் அந்த இணைப்பைத் தாண்டியாக வேண்டும். பழைய பெயிண்ட் இருந்தவரை போல்ட் மரைகள் வழியாக எப்படியோ போய்க்கொண்டிருந்தது. டின்கரிங்கில் எல்லாவற்றையும் கழற்றி, பிரைமர், பட்டி, பெயிண்ட் என்று கனமாக ஏற்றியதில் அந்த வழி அடைபட்டுப்போனது. விளக்குக் கிண்ணத்தைப் பூட்டும் திருகுகளுக்கு அடியிலும் பளபளவென்று பெயிண்ட். பார்க்க அழகு, மின்சாரம் போகாது.

செய்தது இதுதான்: 1.5 ஸ்கொயர் எம்.எம். கறுப்பு வயர் ஒவ்வொரு விளக்கின் ஹோல்டருக்கும் தனியாக. ரெண்டையும் டிக்கிக்குள் ஒன்று சேர்த்து, பழைய வயரிங் போகும் பாதையிலேயே முன்னால் கொண்டுவந்து, பேட்டரியின் எர்த் பூட்டியிருக்கும் அதே போல்ட்டில் லக் வைத்து முடுக்கினோம். அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளைத் தகடு தெரிந்த பிறகு, பல் வைத்த வாஷர் போட்டு, மேலே வாசலின் தடவியாயிற்று. இப்போது பிரேக் மிதித்தாலும் மீட்டர் 0.1-ஐத் தாண்டுவதில்லை. பெயிண்டைச் சுரண்ட மனசு வராதவர்களுக்கும் இந்தத் தனி வயர்தான் நல்ல வழி.

உங்கள் வண்டிகளில் என்ன இருந்தது என்று எழுதுங்கள்.

பிரீமியர் பத்மினி, கோயம்புத்தூர்

சார், எங்களுக்கு எர்த் சுத்தமாக இருந்தது, பல்புக்கு 12 வோல்ட் வந்தது, ஆனாலும் மங்கல். லென்ஸைக் கழற்றினால்தான் விஷயம் புரிந்தது. ரப்பர் வாஷர் வெடித்து, மழைத் தண்ணீரும் தூசியும் உள்ளே போய் ஒரு செம்மண் படலமே பூசியிருந்தது. உள்ளே இருந்த வெள்ளிப் பூச்சு உரிந்து, கிண்ணம் முழுக்கக் கறுப்பு. 5 வாட் பல்பு கொடுப்பதே சொற்ப வெளிச்சம். அதில் பின்பக்கம் போவதைக் கிண்ணம் திருப்பி அனுப்பாவிட்டால் பாதி அங்கேயே செத்துவிடும்.

லென்ஸை சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தோம். தின்னர், பெட்ரோல் பக்கம் கொண்டுபோகவே கூடாது, பிளாஸ்டிக் வெளுத்துப்போகும். கிண்ணத்துக்கு வெள்ளிப் பெயிண்ட். ஹோல்டரின் அடியில் பல்பைத் தாங்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். வண்டி குலுங்கும்போது விட்டுவிட்டு எரிவதற்கு அதுதான் காரணம். புது ரப்பர் வாஷர் கிடைக்காமல் சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டிருக்கிறேன், இந்த மழைக்கு ஒரு சொட்டு உள்ளே போகவில்லை.

அம்பாசிடர், காரைக்குடி

என் அனுபவம் சின்னது, ஆனால் எல்லாருக்கும் நடக்கக்கூடியது. வெளியூர்ப் பயணத்தில் வலது டெயில் லைட் போய்விட்டது. நெடுஞ்சாலை ஓரம் லாரி சாமான்கள் விற்கும் கடையில் பல்பு வாங்கிப் போட்டுக்கொடுத்தார்கள். எரிந்தது, ஆனால் அணையப்போகிற மாதிரி. ஊருக்கு வந்து எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் காட்டினால், மற்ற எதையும் தொடாமல் பல்பைக் கழற்றி அதன் பித்தளையில் பொறித்திருந்ததைப் படிக்கச் சொன்னார்: 24 வோல்ட். லாரிக்கு உரியது. உருவம், ஊசி, அளவு எல்லாம் அச்சு அசல் ஒன்றுதான். 24 வோல்ட் பல்புக்கு 12 கொடுத்தால் பத்தில் ஒரு பங்கு வெளிச்சம்கூடத் தேறாது.

அவர் இன்னொன்றும் சொன்னார். இரட்டை ஃபிலமென்ட் பல்பின் ரெண்டு ஊசிகளும் ஒரே உயரத்தில் இருக்காது, ஒன்று மேலே ஒன்று கீழே. திருப்பிப் போட்டால் நுழையக் கூடாது என்பதற்காகவே அப்படி. ஹோல்டர் தேய்ந்த பழைய வண்டிகளில் அழுத்தினால் தலைகீழாகவும் உட்கார்ந்துவிடும். அப்போது சைடு லைட் போட்டால் 21 வாட் எரியும், பிரேக் மிதித்தால் 5 வாட். ஒரு பக்கம் பளிச், மறுபக்கம் மங்கல் என்று தெரிந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

மொரிஸ் மைனர், யாழ்ப்பாணம்

அண்ணை, எங்கட மைனரில் பின் லைற் மட்டும் இல்லை, எல்லாமே மங்கல். சந்தியில் நிற்கும்போது மங்கும், அக்சிலரேட்டரை மிதித்தால் பிரகாசமாகும். அப்படியென்றால் பின்னால் போய்த் தேட வேண்டியதில்லை, கோளாறு பற்றரியை சார்ஜ் பண்ணும் டைனமோ பக்கம். இந்தக் கார்களில் இருக்கும் லூகாஸ் சி40 டைனமோ முழு வேகத்தில் சுற்றினாலே 22 ஆம்பியர்தான் தரும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒன்றும் தராது, முழுப் பாரமும் பற்றரியில்தான். சிவப்பு இக்னிஷன் லைற் லேசாக மினுங்குவதும் அதனால்தான், அது பயப்பட வேண்டிய விஷயம் இல்லை. டைனமோவைச் சுற்றும் பெல்ட்டை நடுவில் அமத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது. எங்கடது தாராளமாக இறங்கியது. இறுக்கினதும், டைனமோவின் கார்பன் பிரஷ் மாற்றினதும் ஓடும்போது 14 வோல்ட் வருகிறது.

எல்.ஈ.டி. பற்றியும் கேட்க இருந்தேன். மைனர் பொசிட்டிவ் எர்த், பற்றரியின் பிளஸ் முனைதான் பொடியில் பூட்டியிருக்கும். கடையில் வாங்கின எல்.ஈ.டி. பல்ப் எரியவே இல்லை.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு, தாம்பரம்

பொசிட்டிவ் எர்த் வண்டியில் சாதாரண எல்.ஈ.டி. பல்பு தலைகீழாக மாட்டியதாகிவிடும், அதனால்தான் எரியவில்லை. அதற்கென்றே செய்தது, அல்லது ரெண்டு பக்கமும் வேலை செய்யும் வகை என்று கேட்டு வாங்குங்கள். நிறம் சிவப்பாகவே இருக்கட்டும். வெள்ளை எல்.ஈ.டி.யின் ஒளியில் சிவப்பு குறைவு. சிவப்பு லென்ஸ் மற்றதையெல்லாம் தடுத்துவிடுவதால் வெளியே வருவது வெளிறிய ஒரு ரோஸ்தான். டெயிலுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறதா என்று பகலிலும் பாருங்கள், சில மலிவு பல்புகளில் ரெண்டும் ஒரே மாதிரி எரிகின்றன. இண்டிகேட்டருக்கு மட்டும் இப்போதைக்கு வேண்டாம். இண்டிகேட்டரைத் துடிக்கவைக்கும் பழைய சூடேறும் ஃபிளாஷர் அவ்வளவு குறைந்த மின்சாரத்துக்குத் துடிக்காது, அதையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

அப்புறம், எர்த்தும் சரி, பல்பும் சரி, டைனமோவும் சரி, ஆனால் ஹோல்டருக்கு வரும் வயரிலேயே 10 அல்லது 10.5 வோல்ட்தான் என்றால் முன்பக்கம் தேடுங்கள். டேஷ்போர்டில் இருக்கும் லைட் ஸ்விட்ச்தான் முதல் இடம். கால் மணி நேரம் விளக்கை எரியவிட்டு அதன் பின்புறத்தைத் தொட்டால் சூடு தெரியும். அடுத்தது டிக்கிக்குள் வயர்கள் சேரும் குண்டு (புல்லட்) கனெக்டர்கள். இழுத்துக் கழற்றினால் பச்சைக் களிம்பு கொட்டும். ஸ்விட்சுக்கு முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு, ஒவ்வொரு கனெக்டருக்கும் அதேபோல. எந்த இடத்தில் வோல்ட் சட்டென்று விழுகிறதோ அதை மட்டும் கழற்றுங்கள். ஐம்பது வருஷ வயரிங்கை மொத்தமாக உருவிப்போடச் சொல்லும் யாருக்கும் அதற்கு முன் சம்மதிக்காதீர்கள்.