பூட்டிக் கிடந்த ஊர் வீட்டுக்குப் போனவர்கள் சொல்லுங்கள்

உசிலைக்காரன்:
ஊரில் மாசிப் பச்சைத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். சாமிப் பெட்டி வர நேரமாகும் என்றார்கள், சரி, வீட்டை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று நடந்தேன். அப்பத்தா போனதிலிருந்து பூட்டித்தான் கிடக்கிறது. திண்ணையில் வெள்ளாடு கட்டியிருந்தது. மேலே ஒரு பக்கம் ஓடு மட்டும் புதுசு. பக்கத்து வீட்டுச் சின்னம்மா, "வாய்யா, இந்த வெயில்ல வந்திருக்க" என்று சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தது. வாய்க்குத் தூக்கும்போதுதான் பார்த்தேன், சொம்பின் கழுத்துக்குக் கீழே அப்பத்தா பேர் வெட்டியிருக்கிறது. புள்ளி புள்ளியாக, கடைசி எழுத்து கொஞ்சம் சரிந்து. அதை விரலால் தடவித்தான் நான் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். குடித்தேன், சொம்பைக் கையில் கொடுத்தேன், வந்துவிட்டேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்னும் மனசு ஆறவில்லை.

தல்லாகுளத்தான்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பூட்டிய வீட்டுச் சொம்பு அடுத்த வீட்டுக்குத் தானாக நடந்தா போகும்? அங்கேயே கேட்டிருக்க வேண்டும்.

மேலூர்ப் பொண்ணு:
தல்லாகுளத்தாரே, ஓடு மாற்றியிருந்தது என்று எழுதியிருக்கிறாரே, அதைப் படித்தீர்களா? எங்கள் வீட்டில் யாரும் ஆடு கட்டவில்லை, யாரும் ஓடு மாற்றவில்லை. ஒரு ஐப்பசி மழையில் விட்டம் இறங்கிவிட்டது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பட்டாசாலையில் ஆள் உயரத்துக்கு வேம்பு, அடுப்படியில் பாம்புச் சட்டை, எங்கு பார்த்தாலும் கருவேல முள். அம்மா வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே போனது. "முள்ளும்மா, போட்டுக்கிட்டே வா" என்று கத்துகிறேன், திரும்பியே பார்க்கவில்லை. அப்புறம் பஸ்ஸில் ஊர் வரும் வரை பேச்சில்லை.

கொடிக்கால்:
சொம்பை விடுங்கள், பட்டாவைப் பாருங்கள். சோழவந்தான் பக்கம் எங்கள் வீடு, சித்தப்பா பெயருக்குப் போனதே எங்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான் என் கதை. இனி நீங்கள் செய்ய வேண்டியது: வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு இரண்டும் யார் பெயரில் என்று பாருங்கள். அப்பத்தாவின் இறப்புச் சான்றை வைத்து இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்குப் போடுங்கள், தாசில்தார் கொடுப்பார். இடம் நத்தமாக, அதாவது ஊர்க் குடியிருப்பு நிலமாக இருந்தால் நத்தம் பட்டா இருக்கிறதா என்று வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள். கூட்டுப் பட்டா என்றால் சர்வேயரை வைத்து அளந்து உட்பிரிவு செய்யாமல் விடாதீர்கள். வில்லங்கம் ஆன்லைனிலேயே பார்க்கலாம். முக்கியமானது, அடுத்தவர் அனுபவத்தில் 12 வருஷம் விட்டுவிட்டு அப்புறம் கோர்ட்டுக்குப் போனால் எதிரிடை அனுபவம், அதாவது இத்தனை வருஷம் ஆண்டதால் எங்களுக்கே சொந்தம் என்று வந்து நிற்பார்கள். ஆடு கட்டுவதில்தான் ஆரம்பிக்கும்.

மேலூர்ப் பொண்ணு:
மனுசன் சொம்பைப் பற்றிச் சொன்னால் நீங்கள் சர்வேயரைக் கூப்பிடுகிறீர்கள். திண்ணையில் ஆடு கட்டினால் வீடு ஆட்டுக்காரிக்கு ஆகிவிடுமா? பழகிய பழக்கத்தில் விட்டிருப்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது.

செக்கானூரணி:
நானும் அந்தப் பக்கம்தான். எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டு. வைகை அணை 67 அடிக்கு ஏறினால்தான் எங்கள் பக்கத்து 58 கிராமக் கால்வாயில் தண்ணீர், அதை நம்பி எத்தனை பேர் உட்கார்ந்திருப்பது? மேலூர்க்காரர்களுக்கு ஒரு போகத்துக்காவது பெரியாற்றுத் தண்ணீர் உண்டு. நான் போனபோது எங்கள் வீட்டில் கதவே இல்லை. நிலையோடு பெயர்த்திருந்தார்கள். அந்தக் கதவை அடுத்த தெருவில் ஒரு புது வீட்டில் பார்த்தேன், பெயின்ட் அடித்து. உள்ளேயிருந்து ஒரு பிள்ளை அதைப் பிடித்து ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது, நான் ஆடிய மாதிரியே. நானும் கேட்கவில்லை, உசிலைக்காரரே.

உசிலைக்காரன்:
அப்பாவிடம் கேட்டேன். சாவி ஒன்று சின்னம்மாவிடம் கொடுத்த ஞாபகம் என்கிறார், அம்மா அப்படியெல்லாம் இல்லை என்கிறது. பூட்டு பழைய பூட்டுதான், உடைக்கவில்லை. ஓட்டுக்கு நாங்கள் காசு எதுவும் அனுப்பியதில்லை. இப்போது அதற்கு ஏதாவது கொடுக்க வேண்டும். பணமாக நீட்டினால் சின்னம்மா வாங்காது, சீலை எடுத்துக் கொடுத்தால் சரியாக இருக்குமா?

கொடிக்கால்:
எது கொடுத்தாலும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மின் இணைப்பு யார் பெயரில் என்று இன்னும் நீங்கள் சொல்லவில்லை.