1787-ல் இதைவிட ஜனநாயகமான அமெரிக்க அரசியல் சாசனம் சாத்தியமா?

நீர்க்கரை: 1776-ல் பென்சில்வேனியா மாநிலம் தனக்காக எழுதிக்கொண்ட சாசனத்தைப் பாருங்கள். ஒரே சபை, ஆளுநர் இல்லை, ஆண்டுதோறும் தேர்தல். 21 வயதாகி, ஓராண்டு அங்கே குடியிருந்து, வரி கட்டிய சுதந்திர ஆணுக்கெல்லாம் வாக்கு; சொத்து தேவையில்லை. எனக்கு மிகவும் பிடித்தது: பொதுச் சட்ட முன்வடிவுகளை அச்சிட்டு மக்கள் முன் வைக்க வேண்டும், அவசரம் இல்லையென்றால் அடுத்த கூட்டத்தொடரில்தான் நிறைவேற்றலாம். ஒரு கொல்லர் அதை வாங்கிப் படித்துவிட்டுத் தன் உறுப்பினரை மடக்கிக் கேட்கலாம்! இதையே நாடு முழுவதற்கும் ஏன் எழுதியிருக்க முடியாது?

தராசு: அடிமைமுறை விட்டிருக்காது நண்பரே. நாட்டின் சாசனத்தை எழுதக் கூடிய மாநாட்டில் 1787 ஜூலை 17 அன்று, அதிபரை மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்ற யோசனை வாக்கெடுப்புக்கு வந்தது. பென்சில்வேனியா மட்டும் ஆதரவு, 9 மாநிலங்கள் எதிர்ப்பு. இரண்டு நாள் கழித்து வர்ஜீனியா பிரதிநிதி ஜேம்ஸ் மேடிசன் வெளிப்படையாகவே சொன்னார்: மக்கள் தேர்ந்தெடுப்பதுதான் நல்லது, ஆனால் அடிமைகளான கறுப்பினத்தவருக்கு வாக்கு இல்லாததால் தென் மாநிலங்களின் கை தாழ்ந்துவிடும்.

நீர்க்கரை: அந்த 9-ல் மாசசூசெட்ஸும் கனெக்டிகட்டும் உண்டே! அவர்களை அசைத்தது வேறு பயம். 1786-ல் மாசசூசெட்ஸில் கடனில் மூழ்கிய விவசாயிகள், நிலம் பறிபோகாமல் இருக்க நீதிமன்றங்களையே நடக்கவிடாமல் தடுத்தார்கள். அந்த ஷேய்ஸ் கலகம் இரண்டு வருடம் தள்ளிப் போயிருந்தால்?

தராசு: சரி, பயம் கொஞ்சம் குறைந்திருக்கும். ஆனால் மாநாட்டில் நேரடித் தேர்தலுக்கு வாதாடிய பென்சில்வேனியா பிரதிநிதி ஜேம்ஸ் வில்சனே உங்கள் 1776 சாசனத்தைக் கடுமையாக எதிர்த்தவர். அதே மாநிலம் 1777-ல், மாநிலத்துக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற உறுதிமொழி எடுக்க மறுத்தவர்களின் வாக்குரிமையைப் பறித்தது. மனசாட்சிக்காக மறுத்த குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் அதில் அடிபட்டார்கள். 1790-ல் சாசனமே போய்விட்டது. இதை எப்படி முன்மாதிரி என்பது?

ஆலமரம்: இடையில் வருகிறேன். வெர்மான்ட் 1777-ல் அதே சாசனத்தைப் பின்பற்றி, வரி நிபந்தனையையும் எடுத்துவிட்டது. ஒரே சபை 1836 வரை ஓடியது. ஆக, அமைப்பு தானாகச் சரியவில்லை. ஆனால் நீங்கள் இருவரும் தவறான இடத்தில் தேடுகிறீர்கள். கதவை மூடிக்கொண்டு பேசிய மாநாட்டில் திருப்பம் வந்திருக்காது. 1788-ல் சாசனம் மாநிலங்களின் ஒப்புதலுக்குப் போனபோது வர்ஜீனியாவில் ஆதரவு 89, எதிர்ப்பு 79; நியூயார்க்கில் 30-27. நியூயார்க் ஒப்புதல் தந்த கையோடு, சாசனத்தைத் திருத்த இரண்டாவது மாநாடு கூட்டுங்கள் என்று மற்ற மாநிலங்களுக்குக் கடிதமும் அனுப்பியது. வர்ஜீனியாவில் 6 பேர் மாறியிருந்தால் அந்தக் கடிதத்துக்கு எவ்வளவு பலம் வந்திருக்கும்!

தராசு: இரண்டாவது மாநாடு கூடியிருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கீழ்சபைக்கு அதிக உறுப்பினர்கள் கிடைத்திருப்பார்கள். ஆனால் அங்கேயும் தென் கரோலினா உட்கார்ந்திருக்கும். கீழ்சபை இடங்களைப் பங்கிடும்போது அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கும் ஏற்பாட்டை அது விட்டுக்கொடுக்க என்ன காரணம் இருந்திருக்கும், சொல்லுங்கள்.