காப்பிப் பழம் எடைக் கணக்கு: பட்டனை அழுத்தினால் 'எடைப்பெட்டி' யாரென்றே தெரியாது என்கிறது

மலைக்காப்பி, ஏற்காடு

வணக்கம். மாமாவின் காப்பித் தோட்டத்துக்கு ஒரு சின்ன டெஸ்க்டாப் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறேன், பைத்தான் மொழியும், ஜன்னல், பட்டன் வைக்க அதோடு வரும் டிகிண்டரும். சாயங்காலம் பழம் பறித்தவர்கள் மூட்டையோடு வரிசையில் நிற்பார்கள், மேஸ்திரி தராசில் வைத்து எடையைச் சொல்வார், அதை ஆள் பெயரில் ஏற்ற வேண்டும், கீழே அன்றைய மொத்தக் கிலோ தெரிய வேண்டும். இவ்வளவுதான். இதுவரை நோட்டில்தான் எழுதினோம், பனியில் பேனா மை ஊறி 6 எது 8 எது என்று தெரியாமல் தினமும் ஒரு சண்டை.

கிளாஸ் இல்லாமல் எழுதியபோது ஓடியது. வீடியோ பார்த்து எல்லாவற்றையும் ஒரு கிளாஸுக்குள் (ஒரே அச்சில் எத்தனை ஜன்னல் வேண்டுமானாலும் வார்க்கலாம்) போட்டேன், அன்றிலிருந்து தலைவலி. போனில் தட்டுவதால் கோடு (புரோகிராம் வரிகள்) முழுவதையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்:

கிளாஸ் எடைஜன்னல்:
    டெஃப் __இனிட்__(செல்ஃப், ரூட்):
        மொத்தம் = 0
        எடைப்பெட்டி = டிகே.என்ட்ரி(ரூட்)
        எடைப்பெட்டி.பேக்()
        டிகே.பட்டன்(ரூட், கமாண்ட்=செல்ஃப்.சேர்).பேக்()
    டெஃப் சேர்(செல்ஃப்):
        எடை = ஃப்ளோட்(எடைப்பெட்டி.கெட்())
        மொத்தம் = மொத்தம் + எடை

முதலில் எடைப்பெட்டிக்கு நேம்எரர் (அப்படி ஒரு பெயரே தெரியாது என்ற பிழை) வந்தது. இரண்டு இடத்திலும் குளோபல் (ஃபைல் முழுவதற்கும் பொதுப் பெயர்) என்று போட்டேன், அது போய் மொத்தத்துக்கு அன்பவுண்ட்லோக்கல்எரர் (மதிப்பு வைக்கும் முன்பே படிக்கிறாய் என்ற பிழை) வந்தது. அதற்கும் குளோபல் போட்டேன், ஓடிவிட்டது. அப்புறம் மேல்தோட்டம், கீழ்த்தோட்டம் என்று இரண்டு ஜன்னல் திறந்தேன். மேல்தோட்ட ஜன்னலில் 42.5 போட்டு அழுத்தினால் காலி எழுத்தை எண்ணாக மாற்ற முடியாது என்று வேல்யூஎரர்! பெட்டியில் எண் கண்ணெதிரே நிற்கிறது. யாராவது சொல்லுங்களேன்.


அஸ்தம்பட்டி_ஆள்

பெயருக்கு முன்னால் செல்ஃப் போடுப்பா, இந்த ஜன்னலின் சொந்தப் பொருள் என்று அர்த்தம். இல்லாவிட்டால் கிளாஸ் என்ற வரிக்கு நேர் கீழே மொத்தம் = 0 போட்டுவிடு, எல்லா ஃபங்ஷனுக்கும் (டெஃப் போட்டு எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும்) தெரியும்.


பழைய_வாத்தியார், சேலம்

மேலே சொன்னதில் முதல் வரி சரி, இரண்டாவது தப்பு. கிளாஸுக்கு நேர் கீழே வைத்த பெயர் உள்ளே இருக்கும் டெஃப்களுக்குத் தானாகத் தெரியாது. பைத்தான் ஒரு பெயரைத் தேடும்போது முதலில் அதே ஃபங்ஷனுக்குள் பார்க்கும், அது வேறொரு ஃபங்ஷனுக்குள் இருந்தால் அந்த வெளி ஃபங்ஷனில் பார்க்கும், பிறகு ஃபைலின் மேல்மட்டம், கடைசியில் பைத்தானோடு வரும் பெயர்கள். இந்த வரிசையில் கிளாஸ் கிடையாது, தாண்டிப் போய்விடும். அங்கே வைத்தாலும் செல்ஃப்.மொத்தம் என்றுதான் கேட்க வேண்டும்.

தம்பி, உங்கள் கோடில், ஜன்னல் உருவாகும்போது ஓடும் இனிட் ஓடி முடிந்ததும் எடைப்பெட்டி என்ற பெயர் செத்துவிடுகிறது. பெட்டி திரையில் இருக்கும், ஏனென்றால் அதை ரூட், அதாவது ஜன்னல், பிடித்து வைத்திருக்கிறது, ஆனால் உங்கள் கையில் அதற்குப் பெயர் இல்லை. அதனால்தான் நேம்எரர். அன்பவுண்ட்லோக்கல்எரர் வேறு கதை. ஒரு ஃபங்ஷனுக்குள் எந்த வரியிலாவது மொத்தம் = என்று எழுதினால், அந்த ஃபங்ஷன் முழுவதற்கும் மொத்தம் உள்ளூர்ப் பெயர் ஆகிவிடும், ஓடுவதற்கு முன்பே முடிவாகிவிடும். வலது பக்கத்தில் மொத்தம் + எடை என்று படிக்கப் போகும்போது அதில் இன்னும் ஒன்றும் இல்லை.

குளோபல் போட்டது மருந்து இல்லை, வலிக்கு ஊசி. குளோபல் எடைப்பெட்டி ஊருக்கே ஒன்றுதான். இரண்டாவது ஜன்னல் திறந்தபோது அந்தப் பெயர் கீழ்த்தோட்டத்துப் பெட்டிக்கு மாறிவிட்டது. மேல்தோட்டத்தில் நீங்கள் அழுத்தும்போது அது கீழ்த்தோட்டத்துக் காலிப் பெட்டியைத்தான் படிக்கிறது. பிழை வந்ததே அதிர்ஷ்டம், அங்கே ஏதாவது எண் இருந்திருந்தால் சத்தமில்லாமல் அதைக் கூட்டியிருக்கும்.

குளோபல் வரிகளை எல்லாம் அழித்துவிட்டு:

        செல்ஃப்.மொத்தம் = 0
        செல்ஃப்.எடைப்பெட்டி = டிகே.என்ட்ரி(ரூட்)
        செல்ஃப்.எடைப்பெட்டி.பேக்()

சேர் உள்ளேயும் அப்படியே செல்ஃப் வைத்து. எடை என்பதற்கு மட்டும் வேண்டாம், அந்த ஒரு அழுத்தலோடு அதன் வேலை முடிந்தது. எல்லாவற்றுக்கும் செல்ஃப் ஒட்டுவதும் ஒரு வியாதிதான். பெட்டியைத் திரையில் வைக்கும் பேக்கைத் தனி வரியில் எழுதியிருக்கிறீர்கள், நல்லது, ஒரே வரியில் என்ட்ரி(ரூட்).பேக்() என்று எழுதி அதை செல்ஃபில் வைத்தால் உள்ளே பெட்டி இருக்காது, None, அதாவது 'ஒன்றுமில்லை'தான் இருக்கும்.


கொலுசுப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை

வாத்தியார் சொன்ன கிளாஸுக்கு நேர் கீழே என்பதில் நான் நேரடியாக அடி வாங்கியவன். பட்டறைகளுக்கு வெள்ளி கொடுத்து கொலுசு வாங்குகிற கணக்கு அது. கிளாஸுக்குக் கீழே வரவுகள் = [] என்று ஒரு லிஸ்ட், உள்ளே அதில் சேர்க்க செல்ஃப்.வரவுகள்.அப்பெண்ட். செல்ஃப் போட்டுத்தான் எழுதினேன், பிழையே வரவில்லை, ஆனால் ஒரு பட்டறைக்குக் கொடுத்த வெள்ளி எல்லாப் பட்டறை ஜன்னலிலும் தெரிகிறது. லிஸ்ட் ஒன்றே ஒன்று, எல்லோரும் அதிலேயே போடுகிறார்கள். எண்ணாக இருந்தால் செல்ஃப்.மொத்தம் += 5 என்றதும் அந்த ஜன்னலுக்கென்று தனியாக ஒன்று உருவாகிவிடும், அதனால் மாட்டாது. லிஸ்ட், டிக்ஷனரி என்றால் மாட்டும். இனிட்டுக்குள் போடுங்கள், தீர்ந்தது.

இன்னொன்று. ஃபைல் பெயர் கடைசியில் பிஒய்டபிள்யூ என்று வைத்தாலோ, கருப்பு ஜன்னல் இல்லாமல் இஎக்ஸ்இ ஆக்கினாலோ, பட்டனுக்குள் வரும் பிழை எதுவும் கண்ணில் படாது. ஜன்னல் சும்மா நிற்கும், பட்டன் வேலை செய்யவில்லை என்று மாமா போன் போடுவார். டெர்மினலில் (அந்தக் கருப்பு ஜன்னலில்) இருந்து ஓட்டிப் பாருங்கள்.

பெயர்களைத் தமிழில் வைத்திருப்பது நன்றாக இருக்குங்க, பைத்தான் 3 ஒப்புக்கொள்ளும். ஆனால் செல்ஃப்.மொத்தம் என்பதை ஓரிடத்தில் செல்ஃப்.மோத்தம் = என்று தட்டிவிட்டால் பிழை வராது, புதிதாக ஒன்று முளைக்கும். சுழியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.


மலைக்காப்பி, ஏற்காடு

இரண்டு ஜன்னலும் தனித்தனியாக ஓடுகிறது, ரொம்ப நன்றிங்க ஐயா, நன்றி அண்ணா. அந்தத் தைரியத்தில் ஆளுக்கு ஒரு பட்டன் வைத்தேன், லூப்பில்:

        ஃபார் ஆள் இன் செல்ஃப்.ஆட்கள்:
            டிகே.பட்டன்(ரூட், டெக்ஸ்ட்=ஆள், கமாண்ட்=லாம்டா: செல்ஃப்.சேர்(ஆள்)).பேக்()

யார் பட்டனை அழுத்தினாலும் பட்டியலில் கடைசியாக இருக்கும் அக்கா பெயரிலேயே ஏறுகிறது. ஒரே நாளில் 700 கிலோ பறித்திருக்கிறார். முதலில் கமாண்ட்=செல்ஃப்.சேர்(ஆள்) என்று எழுதினேன், அப்போது அழுத்தாமலே ஓடியது.


பழைய_வாத்தியார், சேலம்

அடைப்புக்குறி போட்டால் அங்கேயே கூப்பிட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். லாம்டா, அதாவது அழுத்தும்போது ஓடும் பெயரில்லாச் சின்ன ஃபங்ஷன், போட்டது சரி, ஆனால் லாம்டா ஆளின் மதிப்பைப் பிடித்து வைப்பதில்லை, பெயரைத்தான் வைத்திருக்கிறது. அழுத்தும் நேரத்தில்தான் ஆள் யார் என்று பார்க்கிறது, அதற்குள் லூப் முடிந்து கடைசி ஆளில் நிற்கிறது. இப்படி எழுதுங்கள்:

            கமாண்ட்=லாம்டா ஆள்=ஆள்: செல்ஃப்.சேர்(ஆள்)

இடது பக்க ஆள் அந்த லாம்டாவின் சொந்த ஆள். அது உருவாகும்போதே மதிப்பு உள்ளே போய்விடும்.


மலைக்காப்பி, ஏற்காடு

சரியாகிவிட்டது. பழைய நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், 3 கிலோ வித்தியாசம். அது நோட்டில் இருந்த 6ஐ 9 என்று மேஸ்திரி படித்தது, கோடில் ஒன்றும் இல்லை.

அக்காவிடம் மட்டும் 700 கிலோவுக்குக் கூலி எங்கே என்று இன்னும் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.