பேஸ் பெடல் இரண்டைச் சேர்த்து மிதிச்சால் சத்தம் பாயுது, எப்பிடிச் சமப்படுத்துறது?

நாலுதந்தி_கொக்குவில்

அண்ணைமார், என்ரை வரிசை இதுதான்: பசிவ் பேஸ் (பற்றரி இல்லாத பேஸ் கிற்றார்), ரியூனர், கொம்பிரசர் (சத்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கிறது), ஒக்டேவ் (ஒரு ஸ்தாயி கீழைச் சுரத்தைச் சேர்க்கிறது), ஓவர்டிரைவ் (கரகரப்பு ஏத்திறது), என்வலப் ஃபில்ரர் (அடிக்கு அடி "வாவ்" எண்டு திறந்து மூடுறது), பிறகு அம்ப். அம்பின்ரை டிஐ (நேரடி வெளியீடு) வழியா மிக்சருக்குப் போகுது. ஒவ்வொரு பெடலையும் போட்டாலும் விட்டாலும் ஒரே சத்தம் வாற மாதிரித் தனித்தனிய வைச்சிருக்கிறன். ஆனால் டிரைவோடை ஃபில்ரரைச் சேர்த்தால் சத்தம் எகிறுது. ஒக்டேவோடை டிரைவைச் சேர்த்தால் அடி கலங்கி, பேஸ் எங்கை எண்டே தெரியேல்லை. அடுத்த மாதம் கோயில் திருவிழாவிலை வாசிக்க வேணும். கடைசியிலை ஒரு லிமிற்றர் (சத்தத்தை ஒரு எல்லைக்கு மேலை விடாத பெடல்) போட்டால் தீருமோ?

அடிநாதம்

லிமிற்றரை இப்ப வாங்காதேங்கோ. முதல் காரணம் டிரைவ். அது அலையின்ரை தலையை வெட்டுது. உள்ளுக்கு எவ்வளவு கூட்டிக் குடுத்தாலும் வெளியாலை வாற மட்டம் கிட்டத்தட்ட மாறாது, கரகரப்புத்தான் ஏறும். அதாலை டிரைவுக்கு முன்னாலை இருக்கிற பெடல் கூட்டுற சத்தத்தை டிரைவ் விழுங்கிப்போடும். பின்னாலை இருக்கிற பெடல் கூட்டினால் அவ்வளவும் அப்பிடியே அம்புக்குப் போகும். உங்கடை ஃபில்ரர் பின்னாலை நிக்குது.

இன்னொண்டு, என்வலப் ஃபில்ரர் விரல் அடியின்ரை பலத்தைப் பார்த்துத்தான் திறக்கிறது. டிரைவிலை இருந்து வாற சிக்னல் ஏற்றத்தாழ்வு இல்லாமல் நிக்கும். ஃபில்ரர் முழுக்கத் திறந்தபடி இருந்து, சுரம் அடங்கும்வரை மூடாது. ரெசொனன்சும் (ஃபில்ரர் திறக்கிற இடத்தைத் தூக்கிக் காட்டுற அளவு) கூட வைச்சிருந்தால் அந்த உச்சம் நேரை காதிலை அடிக்கும்.

ஃபில்ரரைத் தூக்கி ரியூனருக்கு அடுத்ததா, கொம்பிரசருக்கு முன்னாலை வையுங்கோ. விரலின்ரை முழு அசைவும் அதுக்குக் கிடைக்கும், உச்சத்தை கொம்பிரசரும் டிரைவும் அமத்தும். டிரைவோடை சேரேக்கை அந்த "வாவ்" கொஞ்சம் மங்கும், அது இதுக்குக் குடுக்கிற விலை. பின்னாலைதான் வேணுமெண்டால் டிரைவைப் போட்டபடி சென்சிற்றிவிற்றியைக் குறையுங்கோ, ரெசொனன்சைப் பாதிக்குக் கீழை வையுங்கோ. அப்ப டிரைவ் இல்லாமல் ஃபில்ரர் சோம்பலாத்தான் திறக்கும்.

ஒக்டேவ் வேறை பிரச்சினை. திறந்த ஈ தந்தி 41 ஹேர்ட்ஸ், அதுக்குக் கீழ் ஒக்டேவ் 20.6. பேஸ் கபினெற்றுகள் அந்தச் சுரத்தைப் பெரும்பாலும் ஒழுங்காத் தராது, ஆனால் அம்ப் தன்ரை சக்தியை அதிலை செலவழிக்கும். மிச்சச் சத்தத்துக்கு இடமில்லாமல் போகும். இரண்டு சுரமும் ஒண்டா டிரைவுக்குள்ளை வெட்டுப்பட்டால் கலங்கலும் வரும். ஒக்டேவ் வாற பகுதிகளை ஏ தந்தியின்ரை 5ஆம் பிரெற்றுக்கு மேலை வாசியுங்கோ. அந்த டி 73 ஹேர்ட்ஸ், ஒக்டேவ் 37இலை விழும், அது காதுக்கும் ஸ்பீக்கருக்கும் பிடிபடும். பொஸ் ஓசி-2 மாதிரியான அனலொக் பெடல்கள் அதுக்குக் கீழை சுரத்தைத் தவறவிடவும் செய்யும். ஒக்டேவை டிரைவுக்குப் பின்னாலை மாத்தாதேங்கோ, வெட்டுப்பட்ட அலையை அதாலை ஒழுங்காப் பின்தொடரேலாது.

அளவுகோல்

மேலே சொன்ன வரிசை சரி. நான் அளக்கும் முறையைச் சொல்கிறேன், ஏனெனில் பலர் பிழைவிடுவது அங்கேதான். வீட்டில் மெல்லிய சத்தத்தில் சமப்படுத்தியது மேடையில் சமமாக இராது. குறைந்த சத்தத்தில் எங்கள் காதுக்குத் தாழ்ந்த சுரங்கள் மிகவும் மங்கலாகக் கேட்கும். பிளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து வெளியிட்டார்கள். ஆகவே மேடைச் சத்தத்தில்தான் குமிழைத் திருப்ப வேண்டும்.

அதற்கு முன் கணினியில் பதிந்து பாருங்கள். நாலு தந்தியிலும் போகிற இரண்டு தாளவட்டத்தை ஒரே பலத்தில் வாசித்து, ஓடாசிற்றி போன்ற இலவச மென்பொருளில் உச்ச அளவை விட்டு ஆர்எம்எஸ் (ஒருவகைச் சராசரி) அளவை ஒப்பிடுங்கள். உச்சம் ஒன்றாக இருந்தாலும் சதுர அலையின் ஆர்எம்எஸ் சைன் அலையைவிட 3 டெசிபெல் கூட. டிரைவ் அலையைச் சதுரத்தை நோக்கித் தள்ளுவதால் உச்சத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

4 பெடலுக்கு 16 சேர்க்கை வரும். எல்லாவற்றையும் சமப்படுத்த முடியாது, தேவையும் இல்லை. பாட்டில் உண்மையில் மிதிக்கும் மூன்று நாலு சேர்க்கையை எடுத்து 1 முதல் 2 டெசிபெல் வித்தியாசத்துக்குள் கொண்டுவாருங்கள்.

நாலுதந்தி_கொக்குவில்

விளங்குது, நன்றி. ஃபில்ரரை முன்னாலை மாத்திறன். ஆனால் அதிலை லெவல் குமிழ் இல்லை. தனியப் போட்டாலும் கொஞ்சம் கூடத்தான் கேக்குது.

சோல்டர்_சுன்னாகம்

அதுக்கு ஒரு சின்னப் பெட்டி போதும் தம்பி. 25 கிலோ ஓம் லொக் பொட் (சத்தம் கூட்டிக் குறைக்கிற குமிழ்) ஒண்டு, 6.35 மிமீ மொனோ ஜாக் இரண்டு, உலோகப் பெட்டி. பொட்டின்ரை தண்டு உங்களைப் பார்க்க, கால்கள் கீழை இருக்கப் பிடியுங்கோ. இடக்கால் கிரவுண்டுக்கு, நடுக்கால் அவுட்புட் ஜாக்குக்கு, வலக்கால் இன்புட் ஜாக்குக்கு. இரண்டு ஜாக்கின்ரை கிரவுண்டையும் சேர்த்துவிடுங்கோ. பற்றரியும் வேண்டாம், அடப்டரும் வேண்டாம்.

இதை வெறுமனே ஃபில்ரருக்குப் பின்னாலை போட்டால் ஃபில்ரரை விட்டாலும் சத்தம் குறைஞ்சபடிதான் இருக்கும். ட்ரூ பைபாஸ் லூப் சுவிட்ச் (உள்ளுக்குள்ளை இருக்கிறதை ஒரே மிதியிலை சேர்க்கிற, விலக்கிற பெட்டி) ஒண்டுக்குள்ளை ஃபில்ரரையும் அதுக்குப் பின்னாலை இந்தப் பெட்டியையும் சேர்த்துப் போடுங்கோ. ஃபில்ரர் எப்பவும் ஓனிலை நிக்கட்டும், லூப்பை மட்டும் மிதியுங்கோ. பசிவ் பேஸுக்கு நேர் பின்னாலை 25 கிலோ ஓம் வைச்சால் பிக்கப்பின்ரை மேல்சத்தம் செத்துப்போகும், அங்கை போடக்கூடாது.

அடிநாதம்

லிமிற்றர் பற்றிக் கேட்டதுக்கு: இவ்வளவும் செய்தபிறகு காவலுக்குப் போடலாம், உச்சத்திலை மட்டும் 2, 3 டெசிபெல் பிடிக்கிற மாதிரி. எப்பவும் 10 டெசிபெல் பிடிச்சுக்கொண்டு நிண்டால் டிரைவ் போடேக்கையும் விடேக்கையும் ஒரே மொத்தையாத்தான் கேக்கும். அதோடை மிக்சரிலை 35 ஹேர்ட்ஸுக்குக் கீழை ஹைபாஸ் வெட்டச் சொல்லுங்கோ, ஒக்டேவ் சப்வூஃபரைக் குழப்பாது.

சவுண்ட் பார்க்கிறவருக்கு முதலிலை சத்தம் கூடின சேர்க்கையை வாசிச்சுக் காட்டுங்கோ, பிறகு வெறும் பேஸ். வெறும் பேஸுக்கு அவர் கெயின் வைச்சால், நடுப்பாட்டிலை நீங்கள் ஃபில்ரரை மிதிக்கேக்கை அந்தச் சனல் வெட்டுப்படும். பிறகு அவர் உங்கடை ஃபேடரை இறக்கினால் இறக்கினதுதான்.