வெள்ளியங்கிரியில் குப்பை பொறுக்கப் போகலாமா?

கேள்வி:
போன பங்குனியில் கோவை பக்கத்து வெள்ளியங்கிரிக்குப் போய், ஏழு மலையும் ஏறினேன். கைதட்டிச் சுனை பக்கத்தில் குளுக்கோஸ் பாக்கெட்டும் பிஸ்கட் உறையும் கிடந்தன. மனசு கேட்கவில்லை. இந்த வருடம் நண்பர்கள் நாலு பேர் சுத்தம் செய்யலாம் என்றிருக்கிறோம். எப்படித் தொடங்குவது?

பதில்:
நல்ல எண்ணம் தம்பி. ஆனால் நீங்களாகப் போய்விடாதீர்கள், அது யானை நடமாடும் காடு. பிப்ரவரி முதல் மே வரைதான் ஏற விடுவார்கள். வனத்துறையிடம் முன்பே கேளுங்கள். நான் மூன்று வருடம் ஒரு குழுவோடு போனேன். முதல் தடவை ஏறும்போதே பொறுக்கத் தொடங்கி, மூன்றாம் மலையில் சாக்கு நிறைந்துவிட்டது. அப்புறம் ஏழாம் மலை வரை அதை எப்படிச் சுமப்பது? இறங்கும்போதுதான் பொறுக்க வேண்டும். ஒரு கையில் மூங்கில் தடி இருக்கும், அதனால் சாக்குக்குத் தோள்வார் தைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவர்:
அடிவாரத்தில் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி 20 ரூபாய் முன்பணம் வாங்கி, பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்தால் கொடுக்கிறார்களே, அது போதாதா?

பதில்:
நான் பார்த்தவரை பாட்டில் குறைந்திருக்கிறது. மிட்டாய் உறைக்கு யார் ஸ்டிக்கர் ஒட்டுவது? அதைப் பாறை இடுக்கில் செருகிவிட்டுப் போகிறார்கள். இடுக்குக்குள் கையை நுழைக்காதீர்கள், பாம்பு இருக்கலாம், குச்சியால் எடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி அண்ணா. திங்கட்கிழமையே வனத்துறை அலுவலகம் போகிறேன்.