மாட்டு இளங்கொடிச் சாறு: சிவப்பு நிறம் போக வழி சொல்லுங்க

காயம் ஆற்றும் ஆய்வுக்காக மாட்டு இளங்கொடியிலிருந்து புரதச் சாறு எடுக்கிறோம். புருசெல்லா பாக்டீரியா பரிசோதனையில் நெகட்டிவ் வந்த பசுக்கள் மட்டும்தான். அந்தக் கிருமி குவியும் இடமே இளங்கொடி என்பதால் இதில் சமரசம் இல்லை.

இப்போதைய முறை: ஐஸில் குளிர்ந்த உப்புநீரில் அலசி, பொடியாக நறுக்கி, 1 கிராமுக்கு 3 மி.லி. பாஸ்பேட் பஃபர் (பி.எச். 7.4) விட்டு, ஐஸ் மேல் வைத்து 30 விநாடி அரைத்து 1 நிமிடம் ஆறவிடுகிறோம். 4 டிகிரியில் இரவு முழுக்கக் கலக்கி, 10,000 ஜி-யில் 30 நிமிடம் சென்ட்ரிஃபியூஜ். கடைசியில் 0.22 மைக்ரான் வடிகட்டி, அதுவும் சீக்கிரமே அடைத்துக்கொள்கிறது.

பெரிய தலைவலி ஹீமோகுளோபின். அதைக் காட்டும் 414 நானோமீட்டர் ஒளி உறிஞ்சல் உச்சம் குறையவே இல்லை. புரத அளவு பார்க்கும் பிராட்ஃபோர்டு சோதனை அதையும் புரதமாகவே எண்ணுவதால், ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத்திசு செல்) கீறல் சோதனையில் (செல் படலத்தில் கீறிய இடைவெளி மூடுவதைப் பார்ப்பது) ஒரே டோஸ் என்று நாம் போடுவது பேட்சுக்குப் பேட்ச் மாறுகிறது. வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசினால் சிவப்பணு வெடித்து நிறம் திசுவுக்குள் இறங்கிவிடும். சூடாக்கினால் எஃப்.ஜி.எஃப். (ஃபைப்ரோபிளாஸ்ட் வளர்ச்சிக் காரணி) போன்ற சூடு தாங்காதவையும் சேர்ந்தே போகும்.

அரைப்பதற்கு முன் தொப்புள்கொடி ரத்தக்குழாய் வழியாக உப்புநீர் செலுத்திக் கழுவியவர்கள் உண்டா? எவ்வளவு அளவு, எவ்வளவு நேரம்? உறையாமலிருக்க ஹெப்பாரின் சேர்க்கத் தயக்கம், எஃப்.ஜி.எஃப். அதோடு ஒட்டிக்கொள்ளும். சிட்ரேட் போதுமா? 0.22-க்கு முன்னால் எந்த முன்வடிகட்டி போடுகிறீர்கள்?